சன்ரூஃப் ஒழுகல், கடகட சத்தம், விசில்: வீட்டிலேயே எவ்வளவு தூரம் சரிசெய்யலாம்?

புங்கமரத்தெரு:

வணக்கம். 2019 மாடல் எஸ்யூவி, பனோரமிக் சன்ரூஃப். முன் கண்ணாடி திறக்கும், பின் கண்ணாடி அசையாது. வாரண்டி முடிந்துவிட்டது. வண்டி நிற்பது தெருவில், மரத்தடியில். ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிட நினைக்கிறேன்.

கனமழை பெய்த மறுநாள் வண்டியை எடுத்தால், முதல் பிரேக்கிலேயே மேலே மேப் விளக்குப் பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. டிரைவர் காலடியில் மேட்டை எடுத்துப் பார்த்தால் கார்ப்பெட் ஈரம், பூஞ்சை வாடை. கண்ணாடி திறக்கும்போது கடகடவென்று சத்தம். மூடும்போது சில சமயம் முக்கால்வாசி வந்து தானாகவே பின்னால் போய்விடுகிறது. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால், மூடியிருந்தாலும் விசில் மாதிரி ஒரு சத்தம். சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் வெளுத்துக் காய்ந்துவிட்டது, ஒரு மூலையில் சுமார் 1 செ.மீ. கிழிசலும் இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் மொத்த அசெம்பிளியையும் மாற்றச் சொல்கிறார்கள். மோட்டார் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, கண்ணாடியும் நேராகத்தான் போய்வருகிறது. கையில் ஸ்க்ரூடிரைவர், டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் செட், ஒரு வேக்குவம் கிளீனர் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? எதைத் தொடவே கூடாது?

மணிமுத்தாறு:

பிரேக் போட்டதும் சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே சட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும். அதில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பிரேக் போட்டதும் முன்பக்கம் பாய்ந்து விளிம்பைத் தாண்டுகிறது. ரப்பர் கிழிசல் மட்டும்தான் காரணம் என்றால் மழை நின்று ஓர் இரவு கழித்துச் சொட்டாது.

கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் தண்ணீரை முழுசாக அடைப்பதற்கு வைத்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே வரும் என்று கணக்குப் போட்டுத்தான் சன்ரூஃபையே வடிவமைக்கிறார்கள். வந்த தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, மூலைகளில் இருக்கும் துளை வழியாக டியூபில் இறங்கி, வண்டிக்கு வெளியே போய்விட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் நான்கு டியூப். முன்னிரண்டும் விண்ட்ஷீல்டுக்குப் பக்கத்துத் தூண் வழியாக இறங்கி, முன்கதவுக் கீல் பக்கம் அல்லது ஃபெண்டருக்குள் முடியும். பின்னிரண்டும் பின்தூண் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குப் பின்னால் அல்லது பம்பருக்குள் முடியும். உங்களுக்கு நனைவது டிரைவர் காலடி. ஆகவே முதல் சந்தேகம் வலது முன் டியூப்.

அதற்கு முன் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் காலடி நனையும். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடிய பிறகு நனைந்தால் அது ஏசி. மழைக்குப் பிறகு மட்டும் நனைந்தால் மேலே பாருங்கள்.

சோதனை எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கண்ணாடியை முழுசாகத் திறந்து, இக்னிஷனை அணைத்துவிடுங்கள். சீட்டின் மேல் பழைய போர்வை ஒன்று. முன்மூலையில் வாய்க்காலைத் துடைத்துப் பார்த்தால் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு சிறு துளை தெரியும். 250 மி.லி. தண்ணீரை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சிலோ, கூர்வாய் வைத்த சாஸ் பாட்டிலிலோ எடுத்து, துளைக்குப் பக்கத்தில் மெதுவாக விடுங்கள். முன்கதவைத் திறந்து வைத்து ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒழுங்கான டியூபில் சில நொடிகளில் தண்ணீர் நூலாக இறங்கும், விட விட வடிந்துகொண்டே இருக்கும். மட்டம் ஏறினால் உடனே நிறுத்திவிட்டு, தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் ரூஃப் லைனிங்கில்தான் (கூரையின் உட்புறத் துணி) இறங்கும்.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. மேலே விட்ட தண்ணீர் வேகமாகக் காணாமல் போகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டும் வரவில்லை. டியூப் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது ஓட்டையாகியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தூணுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

நான்கு மூலையையும் பாருங்கள். பின்னிரண்டை விட்டுவிடாதீர்கள். வண்டி மூக்கு மேலே தூக்கினாற்போல் ஏற்றத்தில் நின்றால் மொத்தத் தண்ணீரும் பின்னால்தான் ஓடும், டிக்கியில் ஸ்டெப்னி குழியில் போய்த் தேங்கும்.

நாலாவதுகியர்:

மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் கடகட சத்தத்துக்கும் கண்ணாடி திரும்பிப் போவதற்கும் மட்டும் சொல்கிறேன். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம், கண்ணாடி ஓடும் ரெயிலில் இருக்கும் பழைய கிரீஸ்.

கம்பெனியில் போட்ட கிரீஸில் ரோட்டுத்தூசி சேர்ந்து, வெயிலில் காய்ந்து, கருப்புப் பசையாகிவிடும். கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லைடர்கள் அதில் உரசித் தடுமாறும்போது வருவதுதான் அந்தச் சத்தம். மோட்டாருக்கு இழுவை கூடினால், ஏதோ கையோ தலையோ நடுவில் மாட்டியிருக்கிறது என்று கண்ட்ரோல் யூனிட் எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் திருப்பி அனுப்பிவிடும். அது பாதுகாப்பு வசதி, பழுதில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து வலுக்கட்டாயமாக மூடிப் பழகாதீர்கள். தேய்மானம் மொத்தமும் ஸ்லைடர் மேல்தான் விழும்.

வேலைக்கு வேண்டியவை: பழைய டூத்பிரஷ், காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு கட்டு, பஞ்சு பிரியாத துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் ஆகும் என்று டியூபிலேயே எழுதியிருக்கும் சிந்தெடிக் கிரீஸ். உங்கள் வண்டி கம்பெனி சன்ரூஃபுக்கென்று தனி கிரீஸ் விற்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள். மிகச் சிறிய டியூப்பே பல வருடம் வரும்.

கண்ணாடியை முழுசாகத் திறந்துவிட்டு சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். விரல் ரெயிலில் இருக்கும்போது யாராவது பட்டனைத் தட்டிவிட்டால் பெரிய விபரீதம். முதலில் உலர்ந்த தூசியையும் சருகையும் வேக்குவத்தால் உறிஞ்சுங்கள், ஊதாதீர்கள். ஊதினால் எல்லாம் வடிகால் துளைக்குள் போய்ச் சேரும். அந்தத் துளைகளில் வேலை முடியும்வரை சிறு பஞ்சுருண்டை ஒன்றைச் செருகி வைத்துவிட்டு, மறக்காமல் எடுத்துவிடுங்கள். பிறகு துணியை ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து ரெயிலைத் துடையுங்கள். துணி கருப்பாகாமல் வரும்வரை துடைக்க வேண்டும். மூலைமுடுக்குக்குப் பஞ்சுக்குச்சி. பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கையும் லைனிங் பசையையும் தின்றுவிடும், பெயின்டையும் கெடுக்கும்.

ரெயிலின் நடுப்பள்ளத்தில் சுருள் கம்பி மாதிரி ஒரு கேபிள் ஓடும். கண்ணாடியை இழுப்பதே அதுதான். அதன் கிரீஸைக் கழுவி எடுக்காதீர்கள், மேலே ஒட்டிய தூசியை மட்டும் துடையுங்கள்.

அடுத்து கிரீஸ். ஸ்லைடர் உரசி உரசி மினுமினுப்பாகத் தெரியும் முகங்களில் மட்டும், விரலால் தேய்த்து மெல்லிய படலமாக. ஒரு பக்கத்துக்கு 2 கிராம் தாராளம். எல்லாரும் தப்பு செய்வது இங்கேதான். நிறையப் போட்டால் நல்லது என்று அப்பிவிடுவார்கள், அடுத்த கோடைக்குள் அதே கருப்புப் பசை திரும்ப வந்துவிடும். நான்கைந்து தடவை திறந்து மூடி, ரெயில் முனைகளில் ஒதுங்கும் உபரியைத் துடைத்து எடுங்கள். உள்ளே இழுக்கும் துணித்திரையின் பாதைக்குப் பொதுவாகக் கிரீஸ் வேண்டாம், உலர்த்துடைப்பு போதும். அங்கே போட்டால் துணியில் கறை ஏறும்.

டபிள்யூடி-40 நீலநிற டப்பாவை ரெயிலில் அடிக்காதீர்கள். அன்றைக்குச் சத்தம் போய்விடும், ஆனால் இருக்கிற நல்ல கிரீஸையும் கரைத்து இறக்கிவிடும். தெறிப்பது லைனிங்கில் பட்டால் கறை போகாது.

ரெயில் சுத்தமான பிறகும் கடகட சத்தம் முன்பக்கத்திலிருந்தே வந்தால் காற்றுத்தடுப்பைப் பாருங்கள். கண்ணாடி திறக்கும்போது முன்விளிம்பில் தானாக எழும்பும் கருப்புப் பட்டை அல்லது வலை. அதை விரலால் மெதுவாக அழுத்தி விடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழ வேண்டும். ஒரு பக்கம் தொய்ந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கின் கால் இடத்தைவிட்டு விலகியிருக்கும். மூக்குப் பிளையரால் திரும்ப மாட்டிவிடலாம். அதைத் தாங்கும் கையின் பிளாஸ்டிக் கீல் உடைந்திருந்தால் காற்றுத்தடுப்பு பல வண்டிகளுக்குத் தனிப் பாகமாகவே கிடைக்கிறது.

புங்கமரத்தெரு:

இருவருக்கும் நன்றி. சோதனை செய்துவிட்டேன். இடது முன், இரண்டு பின் மூன்றும் ஒழுங்காக வடிகின்றன. வலது முன்மூலையில் தண்ணீர் அப்படியே நிற்கிறது, கீழே ஒன்றும் வரவில்லை. வாய்க்கால் முழுக்க வேப்பம்பூவும் புங்கம்பூவும் மக்கிப்போன சேறு, அதைத் துடைத்துவிட்டேன்.

இரண்டு கேள்வி. பஞ்சர் கடையில் காற்றடித்து ஊதி எடுத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா? அக்சஸரி கடையில், கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் சீலன்ட் போட்டு அடைத்துவிட்டால் தொல்லையே இருக்காது என்கிறார்கள். சன்ரூஃபைத் திறக்காமலே இருந்துகொள்கிறேன் என்றால் அது சரிவருமா?

மணிமுத்தாறு:

இரண்டுமே வேண்டாம். ஏன் என்பது முக்கியம்.

டியூபின் மேல்முனை பல வண்டிகளில் சட்டத்திலிருக்கும் ஒரு சிறு மூக்கில் வெறுமனே செருகித்தான் நிற்கும், கிளாம்ப் இருக்காது. டயர் கம்ப்ரஸரின் அழுத்தத்தை அடைத்த டியூபுக்குள் விட்டால், அடைப்பு நகர்வதற்கு முன் டியூப் மூக்கிலிருந்து கழன்றுவிடும். அதற்குப் பிறகு அந்த மூலைத் தண்ணீர் மொத்தமும் தூணுக்குள். திரும்ப மாட்ட ரூஃப் லைனிங்கை இறக்க வேண்டும். அந்தத் தூண் ஓரத்திலும் கூரையோரத்திலும்தான் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. ஏர்பேக் உள்ள தூண் மூடியை வீட்டில் பிடுங்கக் கூடாது என்பதை இந்த வேலையின் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.

சீலன்ட் விஷயம். பீடிங் வழியாக வரும் தண்ணீர் இப்போது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, வந்தது வெளியேறாததுதான் பிரச்சினை. சுற்றி அடைத்தாலும் ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டால் போதும், வாய்க்கால் நிறைய ஆரம்பிக்கும். அடைத்த வடிகால் அப்படியே இருக்கும், ஆனால் கண்ணாடியைத் திறந்து அதைச் சுத்தம் செய்யும் வழியை நீங்களே மூடியிருப்பீர்கள். கடையில் கிடைக்கும் புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கானில் அசெட்டிக் அமிலம் வெளியாகும், பெயின்ட் உரிந்த இடத்தில் துருவுக்கு அதுவே போதும். யாராவது தவறுதலாகப் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஒட்டிய கண்ணாடியோடு மல்லுக்கட்டும், கேபிளும் ஸ்லைடரும் போகும். பிறகு உண்மையாகவே அசெம்பிளி மாற்ற வேண்டிவரும்.

சரியான வழி கீழிருந்து மேல். முன்கதவை முழுசாகத் திறந்து, கீல் இருக்கும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். கருப்பு ரப்பர் மூக்கு ஒன்று எட்டிப் பார்க்கும். வாய் ஒட்டினாற்போல் ஒரு கீறல்தான் இருக்கும். தண்ணீர் வந்தால் மட்டும் விரியும், பூச்சியும் தூசியும் ஏறாமல் இருக்க அந்த அமைப்பு. அடைப்பில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும், ஏனென்றால் மேலிருந்து வரும் மண்ணெல்லாம் அந்தக் கீறலுக்குப் பின்னால் படிந்து இறுகுகிறது. இரண்டு விரலால் மூக்கைப் பக்கவாட்டில் அமுக்குங்கள், வாய் திறக்கும், கருப்புச் சேறு பிதுங்கும். மேலே தேங்கிய தண்ணீர் இருந்தால் அதுவும் கொட்டும், முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். கதவிடுக்கில் மூக்கு தெரியவில்லை என்றால் ஃபெண்டர் உட்பக்க பிளாஸ்டிக் லைனருக்குப் பின்னால் இருக்கும். சில கிளிப்பை எடுத்து லைனரின் ஓரத்தை மட்டும் விலக்கினால் போதும். அந்த மூக்கின் நுனியை வெட்டிவிட்டால் அடைக்காது என்று சொல்பவர்கள் உண்டு. வெட்டினால் எறும்பும் மண்குளவியும் உள்ளே கூடு கட்ட வழி கிடைக்கும். விட்டுவிடுங்கள்.

அமுக்கியும் வரவில்லை என்றால் வேக்குவத்தின் வாயை ஈரத்துணி சுற்றி மூக்கோடு பொருத்தி உறிஞ்சுங்கள். தண்ணீரும் உறிஞ்சும் வகை வேக்குவம் மட்டும், சாதாரண வீட்டு வேக்குவத்தில் தண்ணீர் போனால் மோட்டார் போய்விடும். உறிஞ்சும்போது டியூப் மேலே சட்டத்து மூக்கோடு இறுகத்தான் செய்யும், கழலாது.

கடைசியாகத்தான் மேலிருந்து குத்துவது. புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு, 2 மி.மீ. தடிமன், 3 மீட்டர் வாங்குங்கள். முனையைத் தீக்குச்சியால் லேசாக உருக்கி உருட்டி மொழுக்கென்று ஆக்கிக்கொள்ளுங்கள். சுழற்றியபடியே மெதுவாக இறக்குங்கள். தடுக்கும் இடத்தில் குத்தாமல், கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி சுழற்றுங்கள். ஒரு முக்கில் டியூப் வளைந்திருக்கும், அங்கே எப்போதும் தடுக்கும், அது அடைப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. சைக்கிள் பிரேக் கம்பி, ஜன்னல் திரை மாட்டும் ஸ்பிரிங் இரண்டையும் சிலர் விடுகிறார்கள். கம்பியின் பிரிந்த முனை டியூபைக் கிழிக்கும், ஸ்பிரிங் இழுக்கும்போது மாட்டிக்கொள்ளும்.

வழி திறந்ததும், வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பு சில சொட்டு கலந்து அரை லிட்டர் விட்டு, பிறகு நல்ல தண்ணீர் அரை லிட்டர். இடது முன் டியூபின் மூக்கையும், பின்னிரண்டில் கைக்கு எட்டுவதையும் அதே கையோடு அமுக்கிவிடுங்கள். அங்கும் அதே பூதான் விழுந்திருக்கிறது.

தென்காசிச்சாரல்:

பீடிங் காய்ந்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம், வாசலின்கூட நல்லா வேலை செய்யும். ரப்பர் பளபளன்னு ஆயிடும்.

நாலாவதுகியர்:

அது வேண்டாம் நண்பரே. இந்த பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். வெயில், மழை, ஓசோனுக்கு அசையாது, ஆனால் பெட்ரோலிய எண்ணெய் அதற்கு ஆகாது. வாசலின், இன்ஜின் ஆயில், பெட்ரோலிய கிரீஸ் எதுவானாலும் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். பளபளப்பு தெரியும், பீடிங்கின் மெல்லிய ஓரம், அதாவது உதட்டின் வடிவம் போய்விடும். தேங்காய் எண்ணெய் சில வாரத்தில் பிசுபிசுவென்றாகி தூசியை இழுத்து ஒட்டவைக்கும். அந்தத் தூசி கண்ணாடி நகரும்போதெல்லாம் ரப்பரைத் தேய்க்கும்.

சிலிக்கான் கிரீஸ், அல்லது ரப்பர் பீடிங்குக்கென்றே விற்கும் கண்டிஷனர், இரண்டில் ஒன்று. முதலில் ஷாம்பு தண்ணீரால் கழுவி, முழுசாகக் காயவிட்டு, துணியில் எடுத்துத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஸ்பிரேயாக வாங்கினால் துணியில் அடித்துத்தான் தேய்க்க வேண்டும். விண்ட்ஷீல்டில் சிலிக்கான் தெறித்தால் வைப்பர் போடும்போது கண்ணாடி மங்கும், இரவு மழையில் அது ஆபத்து. எங்கள் ஊர் வெயிலுக்கு வருடம் இரண்டு தடவை போதும், பங்குனியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று.

1 செ.மீ. கிழிசல் பற்றி. உதட்டு ஓரத்தில் மட்டும் இருந்தால் ஒட்டலாம். ரப்பர் பீடிங் ஒட்டும் கருப்புப் பசை என்று கேட்டால் கார் பெயின்ட் கடையில் கிடைக்கும். கிழிசலின் இரண்டு முகத்தையும் ஆல்கஹாலால் துடைத்து, குச்சி முனையால் மெல்லிசாகத் தடவி, டியூபில் சொன்ன நேரம்வரை விட்டுவிட்டு, அமுக்கிப் பிடித்து, மேலே மாஸ்கிங் டேப். ஒரு நாள் கண்ணாடியைத் திறக்கக் கூடாது. ஒட்டும் வேலையை கண்டிஷனர் போடுவதற்கு முன்னால் செய்யுங்கள். சிலிக்கான் பட்ட ரப்பரில் எந்தப் பசையும் நிற்காது. கிழிசல் உதட்டோடு முடியாமல் உள்ளே குழலாக இருக்கும் பாகம்வரை போயிருந்தால் பீடிங் மாற்றத்தான் வேண்டும். தனியாகக் கழலும் பீடிங் என்றால், புதியதை மாட்டும்போது இழுக்காமல், அமுக்கி அமுக்கிச் சுற்றிவாருங்கள். இழுத்து மாட்டியது சில வாரத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கி, இணைப்பில் வாய் பிளக்கும். சில வண்டிகளில் பீடிங் கண்ணாடியோடு சேர்த்தே வார்த்திருக்கும், அதில் தனியாக மாற்ற வழியில்லை.

டி25:

விசிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள். கண்ணாடிக்கும் கூரைக்கும் உள்ள இடுக்கை ஒரு பக்கமாக மாஸ்கிங் டேப்பால் மூடி ஓட்டிப் பாருங்கள். முன்விளிம்பை மூடியதும் நின்றால் அங்கே. நிற்கவில்லை என்றால் டேப்பை அடுத்த பக்கம் மாற்றுங்கள். நான்கு பக்கமும் மூடியும் விசில் இருந்தால் அது சன்ரூஃப் இல்லை, ரூஃப் ரெயில், கதவு பீடிங், கண்ணாடி மோல்டிங் பக்கம் போங்கள். ஓட்டுவது இன்னொருவராக இருக்கட்டும், டேப் பெயின்டில் வெயிலில் காயும்வரை விடாதீர்கள்.

சன்ரூஃப்தான் என்று உறுதியானால், பீடிங்கைப் பிடிக்கிற அழுத்தத்தைப் பாருங்கள். 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு காகிதப்பட்டை வெட்டி, கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். ஒரு கையகல இடைவெளியில் சுற்றிலும் இதையே செய்யுங்கள். இறுக்கமாக உரசி வர வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கண்ணாடி உயர்ந்திருக்கிறது, அல்லது ரப்பர் தட்டையாகிவிட்டது.

அடுத்தது உயரம். மூடிய நிலையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கூரையிலிருந்து கண்ணாடிக்குக் குறுக்கே படுக்க வையுங்கள். முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ 1 மி.மீ. வரை தாழ்ந்தோ இருக்கலாம், உயரவே கூடாது. பின்விளிம்பு சமமாகவோ 1 மி.மீ. வரை உயர்ந்தோ இருக்கலாம், தாழக் கூடாது. காற்று முன்னிருந்து பின்னால் ஓடுகிறது, எதிரே ஒரு விளிம்பு துருத்தினால் அதுதான் ஊதும். இந்த அளவு பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறாக இருந்தால் அதையே எடுங்கள்.

சரிசெய்ய: திரையைப் பின்னால் தள்ளினால் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் மூடி தெரியும். விரலால் கிளிப்பிலிருந்து விடுவித்தால் பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ ஸ்க்ரூ, பெரும்பாலும் டார்க்ஸ் டி25. தொடுவதற்கு முன் ஸ்க்ரூத் தலையைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள், திரும்ப வர ஒரு அடையாளம் வேண்டும். ஒரு மூலை ஸ்க்ரூவை மட்டும் அரைச்சுற்று தளர்த்தி, கீழிருந்து உள்ளங்கையால் கண்ணாடியை ஒரு மயிரிழை ஏற்றியோ இறக்கியோ, இறுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் கண்ணாடி பக்கவாட்டிலும் நகர்ந்துவிடும், பிறகு அதை நடுவில் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ராட்செட் வேண்டாம், கைப்பிடி ஸ்க்ரூடிரைவரே போதும். சிறு ஸ்க்ரூ, மரை அறுந்தால் கஷ்டம். ஸ்க்ரூ மரையில் நீலமாகக் காய்ந்த பூச்சு இருந்தால் அது அதிர்வில் தளராமல் இருக்கப் போட்டது. முழுசாகக் கழற்ற நேர்ந்தால் நடுத்தர வலுவுள்ள நீலநிற திரெட்லாக்கர் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். சிவப்பு வேண்டாம், அடுத்த தடவை கழலாது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தடவை திறந்து மூடி, அதன்பின் அளவு பாருங்கள். மூடிய நிலையிலேயே அளந்துகொண்டிருந்தால் ஏமாற்றும்.

கண்ணாடியில் கல் பட்ட சிறு பொத்தல் இருந்தால் விண்ட்ஷீல்டுக்குப் போடும் ரெசின் இதற்கு உதவாது. மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள், டெம்பர்டு என்றிருந்தால் அதில் விரிசல் பாதியில் நிற்காது, ஒருநாள் மொத்தமாக நொறுங்கும். குறிப்பாக ஓரத்தில் பொத்தல் என்றால் மாற்றிவிடுங்கள், உயரம் சரிசெய்யும் வேலைக்கே போகாதீர்கள்.

புங்கமரத்தெரு:

வலது மூக்கை அமுக்கியதும் சேறும் அதன் பின்னால் தண்ணீரும் கொட்டியது. உறிஞ்சவோ குத்தவோ தேவைப்படவில்லை. இப்போது 250 மி.லி. தடையில்லாமல் இறங்குகிறது. ரெயில் சுத்தம் செய்து கிரீஸ் போட்டாகிவிட்டது, கடகட சத்தம் இல்லை. முன்விளிம்பு வலதுபக்கம் 1 மி.மீ.க்கு மேல் துருத்தியிருந்தது, சமப்படுத்தினேன், விசில் போய்விட்டது.

மிச்சம் இரண்டு. கண்ணாடி இன்னும் எப்போதாவது மூடும் கடைசி நேரத்தில் திரும்பிப் போகிறது. டிரைவர் காலடி கார்ப்பெட் மேலே காய்ந்தாலும் வாடை போகவில்லை.

டி25:

இழுவை குறைந்தபின்னும் பழைய கணக்கை கண்ட்ரோல் யூனிட் நினைவில் வைத்திருக்கிறது. உயரம் வேறு மாற்றியிருக்கிறீர்கள். இனிஷியலைஸ் செய்ய வேண்டும், அதாவது கண்ணாடியின் ஓட்டத்தை அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பேட்டரி கழற்றி மாட்டினாலும் இதேதான்.

பல வண்டிகளில் முறை இப்படி: இக்னிஷன் ஆன், கண்ணாடியும் திரையும் முழுசாக மூடியிருக்க வேண்டும். மூடும் திசையில் பட்டனை சுமார் 10 நொடி அழுத்திப் பிடித்தால் கண்ணாடி லேசாக அசையும். விட்டுவிட்டு உடனே மறுபடி அதே திசையில் அழுத்திப் பிடித்தால், தானாகச் சாய்ந்து, முழுசாகத் திறந்து, மூடும். மூடி நிற்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நொடிக்கணக்கும் வரிசையும் வண்டிக்கு வண்டி மாறும், ஓனர்ஸ் மேனுவலில் சன்ரூஃப் பக்கத்திலேயே இருக்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள். இந்த ஓட்டத்தின்போது கை மாட்டினால் திரும்பும் பாதுகாப்பு வேலை செய்யாமல் இருக்கலாம். குழந்தைகள் வண்டியில் இருக்கக் கூடாது. முடிந்தபின் செய்தித்தாளைத் தடியாகச் சுருட்டி நடுவில் நீட்டி, திரும்புகிறதா என்று ஒருமுறை பாருங்கள். விரலால் சோதிக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் திரும்பினாலோ, எப்போதாவது ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தி கோணலாக வந்தாலோ, பட்டனைத் தொடாதீர்கள். மோட்டார் இரண்டு கேபிளை ஒரே பல்சக்கரத்தால் இழுக்கிறது. ஒன்று பல் தாண்டினால் இரண்டையும் எடுத்து ஒரே கணக்கில் வைக்க வேண்டும். அது லைனிங் இறக்கும் வேலை, கடைக்காரரிடம் விடுங்கள்.

மணிமுத்தாறு:

கார்ப்பெட்டுக்கு: மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் விரல்தடிமன் ஃபோம் இருக்கிறது, அது தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். வாடை அங்கிருந்துதான். கதவு வாசல்படி பிளாஸ்டிக்கை மேல்நோக்கி இழுத்தால் கிளிப் விடும். கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி, பழைய துண்டை ஃபோம் மேல் வைத்து முழங்காலால் அழுத்தி எடுங்கள், துண்டு ஈரமாகாமல் வரும்வரை. பிறகு கார்ப்பெட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, கதவைத் திறந்து, டேபிள் ஃபேனை அந்தப் பொந்துக்குள் ஊதவிடுங்கள். முழுசாகக் காய இரண்டு நாள்கூட ஆகும். சென்ட் பாட்டில் தொங்கவிட்டு மூடிமறைத்தால் தரைத்தகடு துருப்பிடிப்பதுதான் மிச்சம்.

தூக்கும்போது ஒயரிங்கைப் பாருங்கள். கனெக்டரில் பச்சைப் பூச்சு தெரிந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் இருக்கும் கனெக்டர் ஏர்பேக்குடையது, அதைக் கழற்றாதீர்கள்.

லைனிங்கில் மேப் விளக்கருகே பழுப்பு வளையம் விழுந்திருந்தால் தேய்க்கவோ நனைக்கவோ வேண்டாம். துணிக்குப் பின்னால் ஃபோமும் பசையும்தான், ஊறினால் தொங்கிவிடும். மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து இறுகப் பிழிந்து, வளையத்துக்கு வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள்.

மரத்தடியில் நிறுத்தும் வண்டிக்கு மாதம் ஒருமுறை வாய்க்காலைத் துடைத்து, முன்பக்க மூக்கு இரண்டையும் அமுக்கிவிடுங்கள். பூ உதிரும் சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை.